கிழவன் பங்கு

மலிகாவின் வீட்டில் இருந்தது நாலு பேர். ஆனால் பங்கு என்னவோ ஐந்து. அந்த ஐந்தாவது ஆளின் மூஞ்சியை அவள் பார்த்ததே கிடையாது. சக்களத்தியாக இருந்திருந்தால் மயிரைப் பிடித்து விரட்டியிருப்பாள். வந்தவன் ஆம்பளை, அதுவும் இன்னும் வந்தே சேராத ஆம்பளை. அவனுக்குக் கிழவன் என்று பேர்.

இன்றைக்கு அவளுடைய கவலையெல்லாம் அந்தக் கிழவன் எப்போது வந்து தொலைவான் என்பதுதான். அவன் வந்தால்தான் அவள் புருஷன் வாவு முகம்மது கடலை விடுவார். அறுபதைத் தாண்டி, முட்டி தேய்ந்து, ஒரு கண்ணில் புரை எடுத்த மனுஷன் இன்னமும் பாம்பன் கரையில் நாட்டுப்படகு ஏறிக்கொண்டிருக்கிறார். போன வாடைக் காலத்தில் படகு ஒரு ஆட்டம் ஆடியதில் தண்ணீருக்குள் போயிருப்பார். கூடப் போன தவ்ஃபீக் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறான். அந்தச் சேதி காதில் விழுந்த நாளிலிருந்து, படகு கரைக்கு வந்துவிட்டது என்று தெரிகிறவரை மலிகாவுக்குத் தொண்டையில் சோறு இறங்குவதில்லை.

கிழவனின் கதை இப்போது நடந்ததல்ல. மகள் லாமியா பிறந்து, மகன் நுஃமான் வயிற்றில் இருந்த காலம். பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து வரும் சத்தத்தை வைத்தே வீட்டில் மணி பார்ப்பார்கள். இப்போது அந்தப் பாலம் சும்மா கிடக்க, பக்கத்திலேயே புதுப் பாலத்தில் ரயில் சர்ரென்று போய்விடுகிறது. அந்தக் காலத்தை நினைத்தால் மலிகாவுக்கு வாசலில் காயப்போட்ட நெத்திலியின் வாசம்தான் முதலில் வரும். கையில் காசு தங்காத வயசு அது. ஆனால் சிரிப்புக்குக் குறைச்சல் இல்லை.

வாவு சொந்தப் படகு வைத்தவர் இல்லை, பங்குக்குப் போகிற ஆள். அந்தப் பங்குக் கணக்கு கடற்கரையில் பிறந்தவர்களுக்குத் தாய்ப்பால் மாதிரி. மீனை விற்றதும் டீசல், ஐஸ், சாப்பாடு என்று செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தில் போன ஆட்களுக்கு ஆளுக்கொரு பங்கு. படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. படகு சோறு தின்னுமா, வலை வேட்டி கட்டுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். இன்றைக்கு அதற்குக் கொடுக்காமல் தின்றுவிட்டால், நாளைக்குப் பலகை பிய்ந்து நிற்கும்போது எல்லோரும் சேர்ந்து கையைப் பிசைய வேண்டியதுதான். மீன் விழுந்த நாளும் அதற்குப் பங்கு உண்டு, விழாத நாளும் உண்டு. பேசாத சாமானுக்கு நியாயம் செய்யத் தெரிந்த இந்த ஆட்கள், தங்களுக்கு மட்டும் அந்த நியாயத்தைச் செய்துகொள்வதில்லை. வலையில் நல்ல பாடு கிடைத்தால் அன்றைக்கே ஆட்டுக்கறி, பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை. பாடு இல்லாத மாதம் மனைவியின் காதில் கிடப்பது அடகுக் கடைக்குப் போகும்.

வாவுவும் அப்படித்தான் இருந்தார், செய்யது காக்காவை அந்த நிலைமையில் பார்க்கிறவரை. காக்கா என்றால் அந்தப் பக்கம் அண்ணன். செய்யது காக்கா அந்தக் கரையிலேயே பேர்போன கடலோடி. கண்ணை மூடிக்கொண்டு தென்கடலில் பாறை இருக்கிற இடத்தைச் சொல்வார். கை நடுக்கம் வந்து கடலுக்குப் போவதை நிறுத்திய அன்றே அவருடைய பங்கும் நின்றுபோனது. அப்புறம் மத்தியானமானால் படகு வருகிற இடத்தில் பையோடு வந்து நிற்பார். குழம்புக்கு ஆகட்டும் என்று யாராவது கறிமீன் கொடுப்பார்கள். ஒருநாள் வாவு ஒரு கை காரல் மீனை அள்ளி அவர் பையில் போட்டார். செய்யது காக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. தனக்கு வலை இழுக்கச் சொல்லிக் கொடுத்த மனுஷன் தன் முகத்தைப் பார்க்காமல் மீன் வாங்கிக்கொண்டு போனதை வாவுவால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்து, கொண்டுவந்த பணத்தைப் பாயில் ஐந்து கூறாக வைத்தார். எனக்கு, உனக்கு, லாமியாவுக்கு, வரப்போகிற பிள்ளைக்கு என்று நாலைத் தள்ளினார். ஐந்தாவதைத் தொட்டுக்கொண்டு, இது கிழவனுக்கு என்றார்.

“எந்தக் கிழவன்?” என்றாள் மலிகா. மாமனார் மவுத்தாகிப் பல வருஷம் ஆகிவிட்டது.

“நான்தான். அறுவது வயசுல ஒருத்தன் வருவான்ல, அவன். வந்துக்கிட்டு இருக்கான்.”

மலிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிழவனுக்கு உண்டென்றால் கிழவிக்கு எங்கே என்று கேட்டாள். அவர் அந்தக் கூறை மட்டும் எடுத்து மடித்தார். எழுந்து போய்ப் பணத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, பரணில் வைத்தார். மறுநாள் எண்ணெய் வாங்கக் காசு குறைந்தபோது அவள் டப்பாவைக் காட்டினாள். வாவு முகம் மாறிவிட்டது. அது அமானிதம், அடுத்தவன் நம்பி ஒப்படைத்த பொருள், அதில் கை வைப்பது ஹராம் என்றார். தன் காசைத் தானே எடுத்தால் என்ன ஹராம் என்று எந்த ஆலிமிடம் போய்க் கேட்பது? அன்றைக்கு எண்ணெய் இல்லாமல் மீனைச் சுட்டுத் தின்றார்கள்.

டப்பா நிரம்பியதும் தங்கக் காசு வாங்கினார்கள். அது மலிகாவின் யோசனை. தங்கம் என்றைக்கும் தங்கம்தான், ஆனால் அடகுக் கடை பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறதே. ஒரு மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோது, வாவு கடலில் இருக்கையில் அவள் ஒரு காசை அடகு வைத்துவிட்டாள். வந்து கேட்டவர் கத்தவில்லை. “கிழவன்கிட்டக் கடன் வாங்கிருக்க. திருப்பிக் குடுத்துரு” என்றார், அவ்வளவுதான். அந்த வருஷம் முழுக்க அவள் கருவாடு விற்ற காசில் கிழவனுக்குத் தவணை கட்டினாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. இல்லாத ஒருத்தனுக்கு இருக்கிற ஒருத்தி கடன் கட்டுகிற அநியாயத்தை எந்த ஊரில் பார்ப்பது! ஆனால் கடைசித் தவணையைக் கட்டிய அன்றைக்கு, சொன்னால் நம்பமாட்டார்கள், அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அப்புறம் ஒருத்தன் கார் வைத்துக்கொண்டு வந்தான். பணத்தைப் போட்டால் மாதாமாதம் லாபம், ஒரே வருஷத்தில் இரட்டிப்பு என்றான். தெருவே போய் விழுந்தது. மலிகாவும் நச்சரித்தாள். வாவு தன்னுடைய பங்கிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தார், கிழவனுடையதில் ஒரு பைசா தொடவில்லை. “என் காசுன்னா நான் ஏமாந்துட்டுப் போறேன். அவனுக்கு என்ன பதில் சொல்றது?” என்றார். கார்க்காரன் போனவன் போனவன்தான். வாவு ஒன்றும் பெரிய ஞானி இல்லை, அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனால் மற்ற வீடுகளில் அடுப்பிலிருந்ததும் போனபோது, இந்த வீட்டில் கிழவன் பிழைத்துக்கொண்டான்.

போஸ்டாபீசில் போடலாம் என்றால் வட்டி ஹராம், வேண்டாம் என்பார். இதற்கு வழி காட்டியது ராமநாதபுரத்தில் பரஸ்பர நிதி முகவராக இருந்த மாலதி. அரண்மனைப் பக்கம் மாடியில் சின்ன அலுவலகம், ஒரு ஃபேன், வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி. பாம்பனில் பெண்கள் கூட்டத்துக்குப் பேச வந்தபோது மலிகாதான் அவளைப் பிடித்துக்கொண்டாள். பலபேர் பணத்தைச் சேர்த்து நாலைந்து கம்பெனியில் இல்லை, நிறையக் கம்பெனியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வாங்குவார்கள், வட்டித் தொழிலும் சாராயமும் இல்லாத கம்பெனியாகப் பார்த்து வாங்குகிற நிதியும் இருக்கிறது என்றாள் மாலதி. ஏறும், இறங்கும், பத்துப் பதினைந்து வருஷம் தொடாமல் இருக்க முடியாதென்றால் இந்தப் பக்கமே வராதீர்கள் என்றும் முகத்துக்கு நேரே சொன்னாள். நஷ்டம் வந்தால் எல்லோருக்கும் சேர்ந்துதானே வரும் என்று வாவு கேட்டார். ஆமாம் என்றாள். அப்படியென்றால் அதுவும் ஒரு படகுதான் என்று சொல்லி மாதாமாதம் கட்ட ஒத்துக்கொண்டார்.

பங்குச் சந்தை தலைகுப்புற விழுந்த வருஷம் ஒன்று வந்தது. டீக்கடை டிவியில் பார்த்துவிட்டு வாவு விழுந்தடித்து ராமநாதபுரம் பஸ் ஏறினார். பணம் பாதியாகிவிட்டது, மிச்சத்தையாவது எடுத்துக் கொடு என்று மாலதியின் எதிரில் உட்கார்ந்துவிட்டார். அவளும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டுத் தாளை எடுத்து வைத்தாளாம். பேனாவைப் பிடித்தவர் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். “ஆளு இன்னும் வரலையேம்மா. வந்து, எவனைக் கேட்டுடா எடுத்தன்னு கேட்டா நான் என்ன சொல்றது?” என்று பேனாவை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். மாலதி போனில் சொல்லிச் சிரித்தாள். பொறுமை பொறுமை என்கிறார்களே, அது ஏதோ பிறவிக் குணம் மாதிரி. இந்த மனுஷனிடம் இருந்தது பொறுமையே இல்லை, பயம். அடுத்தவன் பொருளைத் தொட்டுவிடுவோமோ என்கிற பயம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்லி வைத்தவர்கள் இந்த வழியைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

சிரிப்பு வராத நாளும் இருந்தது. லாமியாவின் நிக்காஹ். நகைக்குப் பணம் போதவில்லை. மலிகா முதல்முறையாகக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டாள், பெற்ற பிள்ளைக்கு இல்லாமல் கிழவனுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று. வாவு அந்தப் பங்கைத் தொடவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் தானே போய்ப் பேசி நகையைக் குறைத்தார். மிச்சத்துக்கு இரண்டு படகு மாறி மாறி ஏறி, ராத்திரி பகல் பாராமல் உழைத்தார். மலிகா ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நெஞ்சு கனக்கும். வந்து நிற்கிறவன் மேல் கோபப்படலாம். வராதவன் மேல் எப்படிக் கோபப்படுவது? எல்லாக் கோபமும் இவர் தலையில்தான் விழுந்தது.

வருஷங்கள் போயின. லாமியா பெரியபட்டினத்தில் குடும்பமாகிவிட்டாள். நுஃமான் கத்தாரில் வேலைக்குப் போனான். மாதம் கொஞ்சம் அனுப்புகிறான், ஆனால் அவனுக்கும் வாடகை இருக்கிறது, பிள்ளை இருக்கிறது. வாவுவுக்கு அறுபது வந்து, அறுபது போனது. கிழவன்தான் வரவில்லை.

ஆமாம், அதுதான் கூத்து. இத்தனை காலம் அடுத்தவன் காசு, அடுத்தவன் காசு என்று காத்த மனுஷனுக்கு அது தன் காசாக மாறவே இல்லை. தண்ணீரில் விழப் போன சேதி வந்த அன்றைக்கு மலிகா அழுதுகொண்டே கேட்டாள், போதும், கிழவன் பங்கை எடுத்து உட்கார்ந்து சாப்பிடுவோம் என்று.

“அது அவன் காசு புள்ள.”

“நீங்கதானே அவன்?”

“நானா? நான்தான் இன்னும் கடலுக்குப் போறேன்ல.”

கடலுக்குப் போகிறவரை கிழவன் இல்லை. கிழவன் வராதவரை பணத்தைத் தொடமுடியாது. பணத்தைத் தொடாதவரை கடலுக்குப் போகவேண்டும். கொக்கிக்குள் கொக்கி மாட்டிய கணக்கு. மாலதியே ஒருநாள் பாம்பனுக்கு வந்து பேசினாள். மொத்தமாக எடுக்க வேண்டாம், மாதச் சம்பளம் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வரும்படி செய்யலாம், ஒரே ஒரு கையெழுத்து போதும் என்றாள். வாவு டீ வாங்கிக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார். ஆள் வந்ததும் போடுகிறேன் என்றார். அன்றைக்கு மலிகாவுக்கு அவர் மேல் வந்தது கோபம் இல்லை, பயம். இவர் ஒருநாள் கடலோடு போய்விடுவார், அந்தப் பணம் யாரும் தொடாமல் அங்கேயே கிடக்கும் என்று தோன்றியது.

அப்படியிருக்கையில் ஒருநாள் மருதுபாண்டி கறிமீன் கொடுக்க வந்தான். வாவு போகிற படகில்தான் அவனும் போகிறான். ஓட்டை வாய், மனசில் கள்ளம் கிடையாது. அண்ணனால் வலை இழுக்க முடிகிறதா என்று மலிகா பேச்சுவாக்கில் கேட்டாள்.

அவன் சிரித்துவிட்டான். அண்ணன் வலையில் கை வைத்தே நாளாகிவிட்டது, நாங்கள்தான் விடுவதில்லை, அவர் பங்கு வலையையும் நாலு பேரும் சேர்த்து இழுத்துவிடுகிறோம் என்றான். பின்னால் உட்கார்ந்து காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத் திசை சொன்னால் போதும், அதற்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும் என்று அவரை நம்பவைத்திருக்கிறார்களாம்.

“ஜிபிஎஸ் வாங்கி ரெண்டு வருசமாச்சு மதினி. அண்ணன் மனசு கஷ்டப்படும்னு தவ்ஃபீக் அதச் சாக்குக்குள்ள சுத்தி வச்சுக்கிட்டுத்தான் பாப்பான். பங்கு முழுசாப் போட்டுருவோம். நீங்க சொல்லிராதீக.”

மலிகா மீனை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து சட்டியின் எதிரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பிள்ளைகளின் நல்ல மனசை நினைத்து அழுகை வந்தது. கூடவே செய்யது காக்காவின் குனிந்த தலையும் ஞாபகம் வந்தது. யாரிடமும் கையேந்தக் கூடாது என்று எண்ணெய் இல்லாமல் மீன் சுட்டுத் தின்ற குடும்பம் இது. மகளுக்கு நகை குறைத்த மனுஷன் இவர். சொன்னால் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் கடலில் போவார். இரண்டு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து வாவு டீ குடித்துக்கொண்டிருந்தார். மலிகா எதிரில் உட்கார்ந்தாள்.

“செய்யது காக்காவுக்கு அன்னைக்கு எத்தன மீன் குடுத்தீக?”

“இதென்ன இப்ப? ஒரு கை இருக்கும்.”

“உங்களுக்கு நாலு பேரு ரெண்டு கையாலயும் அள்ளிக் குடுக்குறாங்க. உங்களுக்குத்தான் தெரியல.”

வலை விஷயத்தையும் சாக்கு விஷயத்தையும் சொன்னாள். வாவு மிச்ச டீயைக் குடித்து முடித்தார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். ராத்திரி வழக்கம்போல் சாப்பிட்டார். விடிகிறதற்கு முன்னால் வழக்கம்போல் கடலுக்குக் கிளம்பிப் போய்விட்டார். இனி இந்த மனுஷனை அல்லாதான் காப்பாத்தணும் என்று மலிகா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கரைக்குப் போய் ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றாள். படகு வந்திருந்தது. மீனை விற்றுவிட்டுத் தார்ப்பாயில் உட்கார்ந்து தவ்ஃபீக் பங்கு வைத்துக்கொண்டிருந்தான். படகுக்கு, வலைக்கு, எனக்கு, மருதுபாண்டிக்கு என்று சொல்லி வந்து, வாவு காக்காவுக்கு என்று ஒரு பங்கை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

வாவு அதை வாங்கினார். பிறகு குனிந்து அதைத் தார்ப்பாயிலேயே திரும்ப வைத்தார். முட்டி மடங்காமல் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் குனிந்தார்.

“இத நாலாப் பிரிச்சுக்கங்க. கிழவன் வந்துட்டான்ப்பா. அவன் பங்கு வீட்ல இருக்கு.”

மருதுபாண்டி மலிகாவைப் பார்த்துவிட்டுத் திருடன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாவு நாலடி நடந்து, திரும்பி நின்றார்.

“ஏலே தவ்ஃபீக்கு, சாக்குல இருக்குறத வெளிய எடுத்து வைலே. ஈரச் சாக்கு, சாமான் வீணாப் போயிரும்.”

தவ்ஃபீக் அழுதுவிட்டான். இளந்தாரிப் பையன், கரையில் அத்தனை பேர் பார்க்க அழுதான். வாவு அழவில்லை. மலிகாவின் பக்கத்தில் வந்ததும், ராமநாதபுரத்துக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டார்.

மறுநாளே போனார்கள். மாலதியின் அலுவலகத்தில் இப்போது இரண்டு நாற்காலி. ஆள் வந்துவிட்டானா என்று அவள் கேட்டாள். “வந்துட்டான்மா, நேத்துத்தான். முட்டி வலிக்குதுங்குறான்” என்றார் வாவு. சேர்ந்திருந்த தொகையை மாலதி சொன்னபோது மலிகா இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட்டார்கள், ஆனால் இடையில் யாரும் கை வைக்கவில்லை, அதுதான் விஷயம் என்றாள் மாலதி. ஒரு வருஷச் செலவை ஆடாத இடத்தில் தனியாக வைப்போம், மிச்சம் அங்கேயே ஓடட்டும், சந்தை விழுந்தாலும் பதற வேண்டியதில்லை என்றாள். வாவு கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவனுக்குத் தெரியாமல் எடுத்துவிட்டது போல முகம் இருந்தது. மலிகா அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

முதல் மாதப் பணம் வந்ததும் பேங்கில் எடுத்து வந்து அப்படியே மலிகாவின் மடியில் வைத்தார். “கிழவி கையில குடுக்கச் சொன்னான்” என்றார். முப்பது வருஷத்துக்கு முன்னால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற லட்சணம் இது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. அதிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டி, கரைக்குப் போய் நல்ல விளமீனாக வாங்கி வாருங்கள் என்று அனுப்பிவைத்தாள்.

அவர் பையை எடுத்துக்கொண்டு போனார். ரொம்ப நேரமாகியும் வரவில்லை என்று அவளும் பின்னாலேயே போனாள். கூட்டத்துக்கு நடுவில் அவர் குரல் கேட்டது. மருதுபாண்டி இரண்டு மீனை அவர் பையில் போடப் போகிறான், இவர் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்கிறார்.

“சும்மா குடுத்தா வேணாம். வெலையச் சொல்லு.”

அவன் ஏதோ ஒரு விலை சொன்னான், வேண்டுமென்றே குறைத்து. கட்டாது, உனக்கு நஷ்டம், ஏத்திச் சொல்லு என்றார் வாவு. அவன் ஏற்றிச் சொன்னான். அட, இது கொள்ளை, இறக்கு என்றார். பாதி ஊர் நின்று வேடிக்கை பார்த்தது. கடைசியில் ஒரு விலைக்குப் படிந்து, பணத்தை எண்ணி மருதுபாண்டி கையில் வைத்துவிட்டு, அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே பையை நீட்டினார்.